ஆஸ்திரேலிய ரக்பி அணி: 10ஆம் எண் சட்டையை இப்போதே ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டாமா?

கேள்வி: பிரிஸ்பேன் நேயர்

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலிய அணி 2025ஆம் ஆண்டில் ஆடிய 15 டெஸ்ட் (சர்வதேச) ஆட்டங்களில் ஐந்தில் மட்டுமே வென்றது. தோற்ற பத்தில் கடைசி நான்கும் நவம்பரில் ஐரோப்பாவில் அடுத்தடுத்து நேர்ந்தவை: இங்கிலாந்திடம் 25-7, இத்தாலியிடம் 26-19, அயர்லாந்திடம் 46-19, பிரான்சிடம் 48-33. ஆனால் இதே அணிதான் ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் 22-0 என்று பின்தங்கிய பிறகு, ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தொடர்ந்து 38 புள்ளிகள் எடுத்துத் தென்னாப்பிரிக்காவை வீழ்த்தியது. அந்த மைதானத்தில் 1963க்குப் பிறகு ஆஸ்திரேலியா பெற்ற முதல் வெற்றி அது. நள்ளிரவு கடந்து விழித்திருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்த எனக்கு, மூன்றே மாதங்களில் அணி இவ்வளவு தளர்ந்துபோனதற்கான காரணம் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றுகிறது.

என் பார்வையில் முதல் குறை, 10ஆம் எண் சட்டை அணிந்து ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃப் இடத்தில் இருக்கிறது. ஒரே ஆண்டில் நோவா லொலேசியோ, டாம் லைனா, ஜேம்ஸ் ஓ'கானர், டானே எட்மெட், கார்ட்டர் கார்டன் என்று ஐந்து பேர் அந்தச் சட்டையுடன் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். ஜூலையில் ஃபிஜிக்கு எதிரான ஆட்டத்தில் லொலேசியோவின் கழுத்தில் ஏற்பட்ட காயத்துக்கு எவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்கள ஆட்டக்காரர்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், முன்கள வீரர்கள் எந்தக் கணத்தில் ஓடிவந்து பந்தை வாங்க வேண்டும், எப்போது உதைத்து இடம் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் 10ஆம் எண் ஆட்டக்காரர். அவர் மாறும்போது பக்கத்தில் நிற்கும் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் எண் ஆட்டக்காரர்களின் கால்கணக்கும் மாறிவிடுகிறது.

பயிற்சியாளர் ஜோ ஷ்மிட்டிடமிருந்து 2026இன் நடுவில் பொறுப்பேற்கவிருக்கும் லெஸ் கிஸ், முதல் நாளிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் இரண்டு மூன்று ஆட்டங்களில் சறுக்கினாலும் கைவிடாமல், 2027 உலகக் கோப்பை வரை வைத்திருக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த ஒருவர் கார்ட்டர் கார்டனாக இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். 2023 உலகக் கோப்பைக்கு அப்போதைய பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் தேர்ந்தெடுத்த 33 பேரில் அனுபவமிக்க ஃப்ளை ஹாஃப்களான குவேட் கூப்பரும் இல்லை, பெர்னார்ட் ஃபோலியும் இல்லை. 22 வயதே ஆன கார்டனிடம் முழுப் பாரத்தையும் ஏற்றிவைத்து, ஃபிஜிக்கு எதிரான ஒரு மோசமான மாலைக்குப் பிறகு வேல்ஸ் ஆட்டத்தில் அவரைத் தொடக்க அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் 13 பேர் ஆடும் வேறு வடிவமான ரக்பி லீக் பக்கம் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். எதிரணியின் தற்காப்பு வரிசையை நோக்கித் துணிந்து ஓடும் குணமும், எதிராளியை இடித்து வீழ்த்தும் உடல்வலிமையும் அவரிடம் இருப்பவை; அந்த மாலைக்கான தண்டனையையும் அவர் போதிய அளவு அனுபவித்துவிட்டார். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: முன்வரிசை

நண்பருக்கு வணக்கம். கார்டனைப் பற்றிய உங்கள் அக்கறை நியாயமானது என்றாலும் நோயை வேறு இடத்தில் தேடுகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். பின்னோக்கித் தள்ளப்படும் முன்களத்துக்குப் பின்னால் நின்று எந்த ஃப்ளை ஹாஃபும் ஆட்டத்தை நடத்த முடியாது. நீங்கள் குறிப்பிட்ட ஃபிஜி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த வாரப் பயிற்சியில் டனியேலா டுப்போ தொடைத் தசையிலும், அணித்தலைவர் வில் ஸ்கெல்டன் கெண்டைக்கால் தசையிலும் காயமடைந்தார்கள். பெரும்பாலும் ஸ்க்ரமின் (இரு அணி முன்களங்களும் பிணைந்து ஒன்றையொன்று தள்ளும் அமைப்பு) இடது பக்கத்தில் ஆடிப் பழகிய ஜேம்ஸ் ஸ்லிப்பர் வலது பக்கத்தில், அதாவது டைட்ஹெட் இடத்தில், இறங்க வேண்டியதாயிற்று. ஆட்டம் 22-15 என்று முடிந்தது. 1954க்குப் பிறகு ஃபிஜியிடம் ஆஸ்திரேலியா அடைந்த முதல் தோல்வி. அடுத்த வாரம் லியோனில் வேல்ஸ் 40-6 என்று வென்றபோது 10ஆம் எண் சட்டையில் கார்டன் இல்லை, பென் டொனால்ட்சன் இருந்தார். ஆளை மாற்றியும் முடிவு மாறவில்லை, இன்னும் மோசமானது. ஆஸ்திரேலியா உலகக் கோப்பை வரலாற்றில் முதன்முறையாகக் குழுச் சுற்றோடு வெளியேறியது.

2025இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்கள் இணைந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு எதிராக நடந்ததும் இதே பாடம்தான். பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்டில் முன்கள வீரர்களான ஸ்கெல்டனும் ராப் வலெட்டினியும் இல்லை, தோல்வி 27-19. மெல்போர்னில் இருவரும் வந்தார்கள். முதல் பாதியிலேயே 23-5 என்று அணி முன்னிலை பெற்றது. இடைவேளையோடு வலெட்டினி வெளியேறினார், சற்று நேரத்தில் ஸ்கெல்டனும் வெளியேறினார், கடைசி நிமிடத்தில் ஹியூகோ கீனன் போட்ட ட்ரையில் (எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) ஆட்டம் 29-26 என்று கைநழுவியது. அந்தக் கடைசி ட்ரைக்கு முந்தைய ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் மோதித் தள்ளும் இடம்) லயன்ஸ் வீரர் ஜாக் மோர்கன் செய்தது சரியா தவறா என்று எல்லோரும் வாரக்கணக்கில் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. 18 புள்ளி முன்னிலையை இரண்டு பேர் வெளியே போனவுடன் காக்க முடியாமற் போனதுதான் என் கவலை. மூன்று டெஸ்டிலும் ஃப்ளை ஹாஃப் ஒருவரே, டாம் லைனா. சிட்னியில் நடந்த மூன்றாம் டெஸ்டில் ஸ்கெல்டனும், தோளில் அடிபட்ட ஆலன் அலலட்டோவாவுக்குப் பதிலாக டுப்போவும் முன்னால் நின்று தள்ளியபோது அதே இளைஞர் நிதானமாக ஆடினார், 22-12 என்று வெற்றியும் கிடைத்தது.

3ஆம் எண் ஆட்டக்காரரான டைட்ஹெட் என்பவர், எதிரணி முன்வரிசையின் லூஸ்ஹெட் (இடது முனையில் நிற்பவர்), ஹூக்கர் (நடுவில் நிற்பவர்) ஆகிய இருவரின் அழுத்தத்தையும் ஒருசேரத் தாங்குகிறவர். இருபது வயதில் அந்த வேலையைக் கற்றுத் தேர்ந்தவர் அரிது. கழுத்தும் முதுகும் பக்குவப்பட ஆண்டுகள் பிடிக்கும். அலலட்டோவாவுக்கும் டுப்போவுக்கும் அடுத்த வரிசையில் ஸேன் நொங்கோர் போன்றவர்களுக்குப் பெரிய ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்து எவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். 10ஆம் எண்ணுக்கு முன் 3ஆம் எண்ணைப் பற்றிப் பேசுவோம்.

பதில்: கண்டி வாசகன்

இருவர் சொல்வதையும் படித்தேன். எங்கள் ஊரில் நித்தவலை மைதானத்தின் ஓரத்தில் நின்று வளர்ந்தவர்களுக்கு அவுஸ்திரேலிய அணியின் ஏற்ற இறக்கம் அந்நியமான விடயம் அல்ல. ஆகையால் என் கருத்தையும் எழுதுகிறேன்.

ஒருவரையே நம்பி அணியைக் கட்ட வேண்டும் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. 2011 உலகக் கிண்ணத்தில் நியூஸிலாந்து அணிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். டான் கார்ட்டர் பயிற்சியின்போது தொடையிடுக்கில் காயமடைந்து விலகினார். கோலின் ஸ்லேட் காலிறுதியில் காயமடைந்தார். ஏரன் க்ரூடன் இறுதி ஆட்டத்திலேயே முழங்கால் பாதிக்கப்பட்டு வெளியேறினார். நான்காவது தெரிவாக, அழைப்பு வந்தபோது மீன்பிடித்துக்கொண்டிருந்த ஸ்டீவன் டொனால்ட் களமிறங்கி உதைத்த பெனால்டிதான் பிரான்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தை 8-7 என்று முடித்துவைத்தது. உலகின் தலைசிறந்த 10ஆம் இலக்க வீரரை வைத்திருந்த அணிக்கே நான்கு பேர் தேவைப்பட்டார்கள் என்றால், ஐந்து பேரைப் பயன்படுத்திய ஷ்மிட்டை நாம் குறை சொல்லலாமா? அந்த ஐவருக்கும் இப்போது டெஸ்ட் ஆட்டத்தின் வேகம் தெரியும். அது வீண்போன செலவு அல்ல.

அதேநேரம் முன்வரிசை நண்பர் தொடாத இன்னொரு குறையும் இருக்கிறது. உயர உதைக்கப்படும் பந்தைப் பிடிப்பதில் இந்த அணி நவம்பரில் மிகவும் தடுமாறியது. பந்தைப் பிடிக்க ஓடுபவருக்கு முன்னால் சக வீரர்கள் அரண்போல் நின்று மறைப்பதை 2024 நவம்பர் முதல் நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கத் தொடங்கிய பின்னர், உயரப் பந்துக்கான போட்டி நேருக்கு நேரானதாகிவிட்டது. இங்கிலாந்தும் அயர்லாந்தும் அதற்கேற்பத் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டன. டப்ளினில் மேக் ஹான்சன் மூன்று ட்ரைகள் போட்ட அந்த ஆட்டத்தை மறுபடியும் பார்த்தால், வானிலிருந்து விழும் பந்துக்கு அடியில் அவுஸ்திரேலியர்கள் எத்தனை தடவை தயங்கி நின்றார்கள் என்பது புரியும். 15ஆம் இலக்க முழுப் பின்கள வீரர் டாம் ரைட் தென்னாபிரிக்கச் சுற்றுப்பயணத்தில் முழங்கால் காயத்தால் விலகியது பேரிழப்பு. உயரமும் பாய்ச்சலும் உள்ள ஜோசப் சுவாலியை 13ஆம் இலக்கத்திலிருந்து 15ஆம் இலக்கத்துக்கு நகர்த்துவதைக் கிஸ் துணிந்து பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

இடம் மாற்றுவது என்றவுடன் தயங்குபவர்களுக்கு ஒரு பழைய செய்தி: 1999 உலகக் கிண்ணத்தை வென்ற அவுஸ்திரேலிய அணியின் ஃப்ளை ஹாஃப் ஸ்டீவன் லார்க்கம், அதற்கு முன் முழுப் பின்களத்தில் ஆடியவர். பயிற்சியாளர் ரொட் மக்குவீன் அவரை முன்னே கொண்டுவந்தபோது பலர் ஐயப்பட்டார்கள். தென்னாபிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியின் கூடுதல் நேரத்தில் அவர் வெகுதொலைவிலிருந்து அடித்த டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது உதைப்பது) அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தது.

பதில்: சிட்னித் தமிழர்

மூவரும் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று பேசுகிறீர்கள். தேர்ந்தெடுக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியும் சேர்த்துப் பேசப்பட வேண்டும். ஸ்கெல்டன் ஆடுவது பிரான்சின் லா ரோஷெல் கிளப்புக்கு. டுப்போ பாரிஸின் ரேசிங் 92 கிளப்புக்குப் போய்விட்டார். வெளிநாட்டில் ஆடுபவர்களைத் தேர்ந்தெடுக்க 2015இல் 60 டெஸ்ட் ஆட்டங்கள், ஏழு ஆண்டுச் சேவை என்று வரம்பு வைத்தார்கள். பிறகு அதைத் தளர்த்தியும் விட்டார்கள். விதியைத் தளர்த்தியதால் மட்டும் ஆள் கிடைத்துவிடுவதில்லை. சர்வதேச ஆட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட வாரங்களில் மட்டுமே கிளப்புகள் வீரரை விடுவிக்கக் கடமைப்பட்டவை. பத்து மாதம் பிரெஞ்சுப் போட்டிகளில் உழைத்த உடலோடு ஒருவர் விமானத்திலிருந்து இறங்கி, சில நாட்களில் டெஸ்ட் ஆடுகிறார். அவரை மையமாக வைத்து அணி அமைப்பது சரியான திட்டமா என்பதில் எனக்கு உண்மையான கவலை இருக்கிறது.

உள்நாட்டிலும் நிலைமை சுருங்கியிருக்கிறது. 2024 பருவத்தோடு மெல்போர்ன் ரெபெல்ஸ் அணி மூடப்பட்டது. சூப்பர் ரக்பியில் இப்போது ஆஸ்திரேலியாவுக்கு நான்கு அணிகள்தாம். அப்படியென்றால் ஒவ்வொரு வாரமும் நான்கு ஃப்ளை ஹாஃப்களும் நான்கு டைட்ஹெட்களும் மட்டுமே ஆட்டத்தைத் தொடங்க முடியும். கார்டன், லைனா இருவருமே குயின்ஸ்லாந்து ரெட்ஸ் அணியில் இருக்கிறார்கள். ஒருவர் ஆடினால் மற்றவர் பெரும்பாலும் காத்திருப்பார். கிஸ் அந்த அணியின் பயிற்சியாளராக இருந்து இருவரையும் அன்றாடம் பார்த்தவர் என்பது நல்ல செய்தி. எனினும் பிரிஸ்பேன் நண்பர் கேட்பதுபோல் அவர் கார்டனைத் தேர்ந்தெடுத்தால், 1991 உலகக் கோப்பையை வென்ற அணியின் ஃப்ளை ஹாஃப் மைக்கேல் லைனாவின் மகன் டாம் வேறொரு மாநில அணிக்குப் போக வேண்டியிருக்கலாம். தேசிய அணிக்கு அது நன்மை என்றே நினைக்கிறேன். இருவரும் வாரந்தோறும் ஆடுவார்கள்.

மறுமொழி: பிரிஸ்பேன் நேயர்

மூவருக்கும் நன்றி. 2011 எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒருவரே போதும் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். முதல் தெரிவு ஒருவர், அவருக்கு அடுத்தவர் யார் என்பதும் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த இரண்டாமவருக்கு ஒவ்வொரு தொடரிலும் ஓர் ஆட்டமாவது தொடக்கத்திலிருந்து கிடைக்க வேண்டும். டொனால்ட் உதைத்த பெனால்டியை நினைவூட்டிய கண்டி நண்பர், டான் கார்ட்டர் காயமடையும் நாள்வரை நியூஸிலாந்து அவரை ஒருபோதும் மாற்ற நினைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் தெரிவு யார் என்பதில் அந்த அணியில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆஸ்திரேலியாவில் அந்தத் தெளிவு இன்னும் வரவில்லை.

முன்வரிசை நண்பர் காட்டிய மெல்போர்ன் ஆட்டம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சுவாலியை 15க்கு நகர்த்துவதில் மட்டும் தயக்கம் இருக்கிறது. 2024இல் ட்விக்கன்ஹாமில் 42-37 என்று இங்கிலாந்தை வென்ற நாளில் அவர் தன் முதல் டெஸ்டை ஆடியது 13ஆம் எண்ணில்தான். மறுதொடக்க உதையின்போது அவர் பாய்ந்து பந்தைத் தட்டியெடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இருக்கும் இடத்திலிருந்தே உயரப் பந்துக்கு அவரைப் பயன்படுத்த முடியாதா?

பதில்: முன்வரிசை

முடியும், ஆனால் எதிரணி உதைக்கும் பந்து விழும் இடத்தில் அவர் நிற்க வேண்டும், அதற்குத் தற்காப்பு அமைப்பையே மாற்ற வேண்டும்.

ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். 2027 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் குழுவில் நியூஸிலாந்து, சிலி, ஹாங்காங் சீனா ஆகியவை இருக்கின்றன. நியூஸிலாந்து ஆட்டத்தைத் தவிர மற்ற இரண்டும் ஸ்க்ரமின் உண்மையான வலுவைச் சோதிக்கப்போவதில்லை. நாக் அவுட் சுற்றில் குறை வெளிப்பட்டால் திருத்த அவகாசம் இராது. ஆகவே இளைய டைட்ஹெட்டைத் தொடக்கத்திலிருந்து ஆடவைக்கச் சரியான இடம் 2026 ஜூலையில் சொந்த மண்ணில் அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி அணிகளுக்கு எதிராக வரும் மூன்று டெஸ்ட் ஆட்டங்கள்தாம். நவம்பரில் நம்மை வென்ற அதே மூன்று அணிகள். ஷ்மிட் விடைபெறும் தொடர் என்பதால் அவருக்கு வெற்றியோடு போக ஆசை இருக்கும். அந்த ஆசை நியாயமானதுதான். என்றாலும் பிரான்சின் முன்வரிசைக்கு எதிராக 50 நிமிடம் ஸ்க்ரம் தள்ளிய ஓர் இளைஞரைக் கிஸ்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால் அது அவர் செய்யும் பெரிய உதவியாக இருக்கும். அந்த ஆட்டங்களில் 10ஆம் எண் சட்டையை உங்கள் கார்டன் அணிந்திருந்தால் எனக்கும் மகிழ்ச்சியே.