ராமோன்ஸ் டவுன்ஸ்ட்ரோக்: ஒரு நிமிஷத்திலேயே வலது கை இறுகிப்போகுது

அமெரிக்க பங்க் ராக் குழு ராமோன்ஸின் ‘பிளிட்ஸ்கிரீக் பாப்’ (1976) பாட்டோட ரிதம் கிட்டாரை முழுசா வாசிக்க முடியல. வெர்ஸ்ல ஏ, டி, ஈ மூணே பார் கார்டுதான் (ஒரு விரலைக் குறுக்கே வெச்சுக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கிறது), இடது கைக்கு வேலையே இல்ல. ஆனா வேகம் சுமார் 176 பிபிஎம் (நிமிஷத்துக்கு 176 தாளத் தட்டு). தட்டுக்கு ரெண்டா வர்ற எய்த் நோட் எல்லாமே டவுன்ஸ்ட்ரோக் (மேலேருந்து கீழ அடிக்கிறது), அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 6 அடி. முதல் நிமிஷம் தாண்டினா முன்கை கல்லாட்டம் இறுகுது, தானா அப்ஸ்ட்ரோக் (கீழேருந்து மேல அடிக்கிறது) நுழையுது. உடனே அந்த ரம்பச் சத்தம் போய் சாதா ராக் ஆயிடுது.

ரெக்கார்டிங்ல பேஸ் இடப்பக்கம், கிட்டார் வலப்பக்கம். இடதை அணைச்சுட்டுக் கேட்டா குழுவோட கிட்டாரிஸ்ட் ஜானி ராமோன் 2:12 நிமிஷமும் சளைக்காம கீழ்நோக்கியே அடிக்கிறது தெளிவாத் தெரியும்.

என் கிட்டார் எபிஃபோன் லெஸ் பால், 10-46 தடிமன் கம்பி. சில வாரமா மெட்ரோனோமை (தாளம் தட்டுற கருவி) 140-ல ஆரம்பிச்சு நாலு நாலா ஏத்திப் பார்த்தாச்சு. 164 வரைக்கும் சரி, அதுக்கு மேல மாட்டிக்குது. பிக் (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) 0.73-ல இருந்து 1 மி.மீ.க்கு மாத்தினதுல சத்தம் கெட்டியாச்சு, களைப்பு குறையல. நுனியை மட்டும் வெளிய விட்டுப் பிடிச்சாச்சு, ஸ்ட்ராப்பையும் இறக்கியாச்சு. வலி இல்ல, இறுக்கம் மட்டும்தான்.

இந்த வேகத்துல கடைசி வரை தாங்கணும்னா அடி மணிக்கட்டுலேருந்து வரணுமா, முழங்கையிலேருந்தா?