தம்பிக்கு முதுகெலும்பு வாதம்: பாஸ்டாய் நம்பர் எறங்கிருச்சு, ஆனா டாக்டர் இன்னும் டார்கெட் வரலங்கிறாங்க, ஏன்?

சிப்புட்_அக்கா
வணக்கம். நாங்க சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை தோட்டத்துல இருக்கோம். தம்பிக்கு வயசு 29, குலை வெட்டுறான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்ன நாலு வருஷமா வேலை செஞ்சு வந்த வலின்னு நெனச்சு தைலம் தேய்ச்சிக்கிட்டே காலம் போச்சு. விடியக்காலைல எந்திரிச்சா மரக்கட்டை மாதிரி இருப்பான், நாலு மரம் வெட்டுன பெறகு இளகிரும், லீவு எடுத்து படுத்தாதான் மோசமாகும், இது எங்களுக்கு புரியவே இல்ல அப்போ.

இப்ப மாத்திரைல இருக்கான். நோய் எவ்ளோ கொதிக்குதுன்னு கேள்வி கேட்டு பத்துக்கு போடுற பாஸ்டாய் நம்பர் மொதல்ல 6.4 இருந்துச்சு, இப்ப 2.8. அஸ்டாஸ்னு இன்னொன்னு, அது 4.1ல இருந்து 2.6. தம்பி சொல்றான் நாலுக்கு கீழ வந்தாச்சு, போதும்னு. ஈப்போ டாக்டர் சொல்றாங்க நோய் இன்னும் அடங்கல, ஊசி மருந்து பத்தி யோசிங்கன்னு. ரத்தத்துல அழற்சிய காட்டுற சிஆர்பி டெஸ்ட் 14. ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர் ரெண்டு விதமா சொன்னா நாங்க எதை நம்புறது?

கிள்ளான்_முதுகு
அக்கா, எனக்கு இந்த நோய் 12 வருஷமா இருக்கு, அதனால நான் கத்துக்கிட்டத சொல்றேன்.

பாஸ்டாய்ங்கிறது முழுக்க நம்ம வாய்ல வர்றது மட்டும்தான். 1994ல இங்கிலாந்துல பாத்ங்கிற ஊர்ல உருவாக்குனாங்க, ஆறு கேள்வி, போன ஒரு வாரத்துல அசதி எப்படி, முதுகு வலி எப்படி, மத்த மூட்டு வலி வீக்கம், தொட்டா வலிக்கிற எடம், காலை விறைப்பு எவ்ளோ கடுமை, எவ்ளோ நேரம், அவ்ளோதான். ரத்தம் எதுவும் பாக்கறதில்ல. நாலு இல்ல அதுக்கு மேலன்னா நோய் கொதிக்குதுன்னு அர்த்தம். ஆனா நாலுக்கு கீழன்னா அடங்கிருச்சுன்னு அர்த்தம் கெடையாது, இங்கதான் நெறைய பேர் ஏமாந்துர்றாங்க.

அஸ்டாஸ் நம்ம பதில்ல நாலை எடுத்துக்கிட்டு (முதுகு வலி, விறைப்பு நேரம், மூட்டு, மொத்தத்துல எப்படி இருக்கீங்க) அதோட சிஆர்பியையும் சேர்த்து கணக்கு போடுது. 1.3க்கு கீழ இருந்தா நோய் அடங்கியாச்சு, 1.3ல இருந்து 2.1க்குள்ள கொஞ்சம், 2.1ல இருந்து 3.5 வரைக்கும் அதிகம், அதுக்கு மேல ரொம்ப அதிகம். தம்பி 2.6, அதிகம்ங்கிற கட்டத்துலதான் இருக்காரு. நான் போட்டு பாத்தேன், பத்துக்கு முதுகு 3, விறைப்பு 3, மூட்டு 2, மொத்தம் 3ன்னு வச்சுக்கிட்டா சிஆர்பி 14க்கு 2.6 வருது. அதே பதிலு, சிஆர்பி 3 மட்டும் இருந்திருந்தா 1.8தான். அந்த வித்தியாசம் ரத்தத்துல இருக்கு. அதுக்காக சிஆர்பி மட்டும் பாத்தும் முடிவு பண்ண முடியாது, சளி காய்ச்சல் இருந்தாலும் ஏறும், நம்ம நோய் கொதிக்கிறப்பகூட நார்மலா வர்ற ஆளுங்க நெறைய பேரு.

4.1ல இருந்து 2.6, 1.5 எறங்கியிருக்கு. 1.1 எறங்குனாலே நல்ல மாற்றம்தான், பெரிய மாற்றம்னு சொல்ல 2 எறங்கணும். மாத்திரை வேலை செஞ்சிருக்கு, ஆனா பத்தல.

இன்னொன்னு, கேக்குறதுக்கு மன்னிக்கணும், தம்பி உண்மையான நம்பர்தான் சொல்றாரா? நம்ம ஆளுங்க டாக்டர் எப்படின்னு கேட்டா பரவால்ல டாக்டர்னு சொல்லியே பழக்கம். நானும் மூணு வருஷம் அப்படித்தான் சொன்னேன், அந்த மூணு வருஷத்துல என் கழுத்து திரும்பாம போச்சு.

தாப்பா_பிசியோ
மேல சொன்னது ரொம்ப சரி. நான் பிசியோ வேலைல இருக்கேன். வலி நம்பரும் எலும்போட அசைவும் ஒன்னாவே போகாது, அதனால தனியா அளக்கணும். இடுப்புக்கு கீழ ஒரு கோடு, 10 சென்டிமீட்டர் மேல ஒரு கோடு போட்டு குனிய சொல்வோம், அந்த தூரம் 5 சென்டிமீட்டராவது கூடணும். சுவத்துல குதிகாலும் முதுகும் ஒட்டி நிக்க வச்சு தலை சுவத்த தொடுதான்னு பாப்போம், மூச்சிழுத்தா நெஞ்சு எவ்ளோ விரியுதுன்னு பாப்போம். ஒரு தடவ அளந்தா பத்தாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அளந்து பழசோட ஒப்பிடணும். தம்பிய ஒரு தடவ வீட்டு சுவத்துல நிக்க வச்சு பாருங்க.

சிகரெட் குடிக்கிறாரா? குடிச்சா அத விடறதும் டிரீட்மெண்ட்தான்.

சிப்புட்_அக்கா
நேத்து ராத்திரி உக்கார வச்சு கேட்டேன். விறைப்பு அரை மணி நேரம்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கான், உண்மைல ஒன்னேகால் மணி நேரம். அதுவும் அப்பாயிண்ட்மெண்ட் அன்னைக்கு விடியல்லயே ரெண்டு மாத்திரை போட்டுட்டு போயிருக்கான். ஏண்டான்னா, கூட சொன்னா மண்டோர் (வேலை பாக்க வைக்கிற மேஸ்திரி) லேசான வேலைக்கு மாத்திருவாரு, வெட்டுற டன்னுக்கு ஏத்த மாதிரி வர்ற காசு போயிரும்னு பயமாம். எனக்கு அழுகையே வந்துருச்சு. சுவத்துல நிக்க வச்சேன், தலைக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகுது. சிகரெட்டும் உண்டு.

கிள்ளான்_முதுகு
அப்ப அந்த 2.6ம் உண்மை இல்லக்கா. விறைப்பு 6, முதுகு 5, மொத்தம் 5ன்னு போட்டா 3.2 வருது. டாக்டருக்கு இத அவசியம் சொல்லுங்க, மண்டோருக்கு டாக்டர் ரூம்ல பேசுனது போகாது.

பழைய_டிரெசர்
தோட்ட ஆஸ்பத்திரில ரொம்ப வருஷம் இருந்தவன் நான். டார்கெட்ங்கிறது டாக்டர் மட்டும் வைக்கிறது இல்லம்மா, நோயாளியும் சேர்ந்து வைக்கிறது. நோய் முழுக்க அடங்கணும், முடியலன்னா கொஞ்சமா இருக்கணும், இதுதான் உலகத்துல இப்ப சொல்ற இலக்கு. ஆனா நம்பர துரத்திக்கிட்டே போனாலே எல்லாம் சரியாயிரும்னும் நெனைக்காதீங்க. டிக்கோஸ்பான்னு ஒரு ஆராய்ச்சி 2021ல வந்துச்சு, 160 பேரு, ஒரு பாதிய மாசாமாசம் கூப்பிட்டு அஸ்டாஸ் பாத்து மருந்த மாத்துனாங்க, மறுபாதிக்கு வழக்கமான டிரீட்மெண்ட். நலம் நல்லா கூடுனது மொதல் பாதில 47.3 சதவீதம் பேருக்கு, மறுபாதில 36.1 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் இருக்கு, ஆனா உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. அதனால தம்பிக்கு என்ன வேணும்னு கேளுங்க, குலை வெட்டணுமா, புள்ளைய தூக்கணுமா, ராத்திரி தூங்கணுமா, அதையும் டாக்டர் எழுதிக்கட்டும்.

ஊசி மருந்துக்கு முன்னால டிபி இருக்கான்னு பாப்பாங்க, அத தட்டிக் கழிக்காதீங்க. நோய் ரொம்ப நாள் அடங்கி இருந்தா பின்னால மெதுவா கொறைக்க யோசிப்பாங்க, திடீர்னு நீங்களா நிறுத்தக்கூடாது.

சிப்புட்_அக்கா
ரொம்ப நன்றி அங்கிள், எல்லாருக்கும் நன்றி. மளிகைக்கடை காலண்டர்ல தினமும் காலைல விறைப்பு எத்தன நிமிஷம்னு அவனையே எழுத சொல்லிட்டேன், இன்னைக்கு 80ன்னு எழுதிட்டு போயிருக்கான். அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்கு நானும் கூட போறேன், காலண்டரையும் கழட்டி எடுத்துட்டு போறோம்.