பிரேக்கைத் தொட்டும் குரூஸ் கன்ட்ரோல் உடனே விடுவதில்லை: எங்கே பார்ப்பது?

கியர்_பெட்டி:

பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், எலக்ட்ரானிக் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு). எட்டு வருடம் ஓடிய வண்டி. குரூஸில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வைத்த வேகத்தில் ஓட்டும் வசதி) 80 வைத்து ஓடும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் சில சமயம் உடனே விடுகிறது, சில சமயம் பெடல் நன்றாக இறங்கிய பிறகுதான் விடுகிறது. ஸ்டியரிங்கில் உள்ள கேன்சல் பட்டன் மட்டும் தவறுவதே இல்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆனால் ஸ்கேனரில் பி0504 பெண்டிங் கோடாக (இன்னும் உறுதியாகாத பழுதுக் குறியீடாக) வந்து வந்து போகிறது. பிரேக் பிடிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பிரேக் பெடல் சுவிட்சை மாற்றினால் போதுமா, அதற்கு முன் வேறு எதையாவது உறுதி செய்துகொள்ள வேண்டுமா? ஓடும்போது அறவே விடாமல் போனால் எதை முதலில் செய்வது? கேன்சல் பட்டன்தான் வேலை செய்கிறதே, அப்புறம் என்ன என்று சொல்கிறார்கள். அது சரியா?

வயரிங்_பித்தன்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சரியில்லை. முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் கை பட்டனைத் தேடாது, கால்தான் பிரேக்குக்குப் போகும். தவிர, அந்தப் பட்டனின் சிக்னல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் வழியாகத்தான் வெளியே வருகிறது. மெல்லிய பட்டை வயர் அது, திருப்பத் திருப்பத் தேயும். பல வண்டிகளில் செட், ரெஸ்யூம், கேன்சல் எல்லாம் ஒரே வயரில்தான் போகின்றன. ரெசிஸ்டர் மதிப்பை வைத்துத்தான் எந்தப் பட்டன் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. அந்த ஒரு வயர் அறுந்தால் எல்லாப் பட்டன்களும் சேர்ந்தே போகும். ஹார்ன் விட்டு விட்டு அடிப்பதும் ஏர்பேக் விளக்கு எரிவதும் அதற்கான முன் அறிகுறிகள்.

இனி பி0504. பிரேக் சுவிட்சுக்குள் பொதுவாக இரண்டு கான்டாக்ட்கள் உண்டு. ஒன்று பிரேக் விளக்குக்கு: பெடல் மேலே இருக்கும்போது திறந்திருக்கும், மிதித்தால் மூடும். இன்னொன்று குரூஸை விடுவிக்க: மேலே இருக்கும்போது மூடியிருக்கும், மிதித்தால் திறக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிலை மாற வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாவிட்டால் கம்ப்யூட்டர் போடும் கோடுதான் இது. விடுவிக்கும் கான்டாக்ட் ஏன் மூடிய வகையில் வைக்கப்படுகிறது என்றால், வயர் அறுந்தாலும் கனெக்டர் கழன்றாலும் "பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறது" என்றே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், குரூஸ் செட் ஆகாது. பாதுகாப்பான பக்கமாகப் பழுதாகட்டும் என்ற கணக்கு. உங்கள் விஷயத்தில் கான்டாக்ட் தாமதமாகத் திறக்கிறது. அதுதான் ஆபத்தான பக்கம். சரிசெய்யும் வரை குரூஸைத் தொடாதீர்கள்.

மாற்றுவதற்கு முன் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பிரேக் சுவிட்ச் 1, 2 இரண்டையும் திறந்து வைத்து, கையால் பெடலை மெதுவாக இறக்குங்கள். இரண்டும் முதல் சில மில்லிமீட்டரிலேயே, சேர்ந்தாற்போல மாற வேண்டும். ஒன்று பின்தங்கினால் கனெக்டரை அசைத்துப் பாருங்கள். அசைத்ததும் அளவு தாவினால் குற்றம் சுவிட்சில் அல்ல, கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னில் (pin). சுவிட்சைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் மூடிய கான்டாக்ட் கிட்டத்தட்ட பூஜ்ஜிய ஓம் காட்ட வேண்டும். பத்து, இருபது ஓம் என்று ஆடினால் உள்ளே கரிந்துவிட்டது என்று பொருள்.

பெடலின் தண்டில் சுவிட்சின் முனை வந்து இடிக்கும் இடத்தில் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதைப் பார்க்காமல் சுவிட்சை மட்டும் மாற்றுகிறவர்கள் அதிகம். அது நொறுங்கிக் காலடியில் துகள்களாகக் கிடந்தால் எத்தனை சுவிட்ச் மாற்றியும் பயனில்லை.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். மரை உள்ள வகை என்றால் லாக் நட்டைத் தளர்த்தி, சர்வீஸ் மேனுவலில் சொன்ன இடைவெளியை வைத்து இறுக்க வேண்டும். தானே அளவெடுக்கும் பல் வகை என்றால் பெரும்பாலும் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைச் செருகித் திருப்பி, பிறகு பெடலை மேலே இழுக்க வேண்டும். அந்த வகையில் பல சுவிட்சுகளைக் கழற்றினால் மறுபடி போட முடியாது. "சீக்கிரம் விடட்டுமே" என்று சுவிட்சைப் பெடல் மேல் அழுத்தி வைப்பது பெரிய தவறு. பெடல் முழுதாக மேலே வராமல் நின்றால் மாஸ்டர் சிலிண்டரில் (பெடல் மிதியைப் பிரேக் எண்ணெயின் அழுத்தமாக மாற்றும் பாகம்) எண்ணெய் திரும்பும் துளை அடைபட்டே இருக்கும். பிரேக் மெல்லப் பிடித்தபடியே ஓடும், பேட் சூடாகும், சூடு ஏற ஏற இன்னும் இறுகும்.

மலைப்பாதை:

ஓடும்போது விடாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். குரூஸோ, ஒட்டிக்கொண்ட ஆக்ஸிலரேட்டரோ, காரணம் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

பிரேக்கை ஒரே மிதியாக, உறுதியாக, விடாமல் மிதியுங்க. விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. பிரேக் பூஸ்டர் (மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்யுது. த்ராட்டில் முழுசாத் திறந்திருந்தா அந்த வெற்றிடம் உருவாகாது. பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதைப் பம்ப் அடித்துத் தீர்த்துட்டா அப்புறம் பெடல் கல் மாதிரி ஆயிடும்.

மிதித்தபடியே லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்க. எஞ்சின் அலறும், அலறட்டும். உச்ச சுழற்சியைத் தாண்டாம எரிபொருளை நிறுத்தும் ஏற்பாடு இப்போதைய எஞ்சின்களில் இருக்கு. எலக்ட்ரானிக் லீவர் வண்டிகளில் ஒரு தட்டு தட்டினா போதாது. சிலதில் நியூட்ரல் நிலையிலேயே ஒரு விநாடி பிடித்து வைக்கணும். வண்டி நின்றிருக்கும்போதே பழகி வைங்க.

எஞ்சினை அணைப்பது கடைசி வழி. அணைத்தா பவர் ஸ்டியரிங் உதவி போயிடும், பூஸ்டருக்கும் புது வெற்றிடம் கிடையாது. சாவி வண்டியில் ஒரே ஒரு படி மட்டும் திருப்புங்க. லாக் வரை போனா ஸ்டியரிங் பூட்டிக்கும். பட்டன் ஸ்டார்ட்டில் ஓடும்போது ஒரு தட்டுக்கு அணையாது. சில விநாடி அழுத்திப் பிடிக்கணும், இல்லைன்னா அடுத்தடுத்து மூணு முறை தட்டணும். உங்க வண்டிக்கு எதுன்னு ஓனர் மேனுவலில் இருக்கும். பதற்றத்தில் அதே பட்டனை ஒரு முறை தட்டிட்டு "அணையலையே"ன்னு விட்டுடறதுதான் நடக்குது.

ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென இழுக்காதீங்க. பின்சக்கரம் பூட்டிக்கிட்டா வண்டி சுழலும்.

கியர்_பெட்டி:

லைவ் டேட்டா பார்த்தேன். பிரேக் சுவிட்ச் 2 தெளிவாகவே பின்தங்குகிறது. தடுப்பு நன்றாக இருக்கிறது. சுவிட்ச் மாற்றப் போகிறேன். இன்னொன்று: ஏற்றத்தில் 80 வைத்தால் 75க்கு இறங்கி, பிறகு 85 வரை ஏறித் திரும்புகிறது. இதற்கும் அதே சுவிட்ச்தான் காரணமா?

வயரிங்_பித்தன்:

இல்லை, அது தனிக் கதை. சுவிட்ச் கெட்டால் குரூஸ் விடும் அல்லது விடாது, வேகத்தை ஊஞ்சலாட்டாது. பழைய ஆட்டோமேட்டிக்குகளில் ஏற்றத்தில் கியர் ஒரு படி இறங்கி மறுபடி ஏறும்போது ஓரிரு கிலோமீட்டர் ஆடுவது இயல்பு. பத்து கிலோமீட்டர் ஆட்டம் இயல்பல்ல.

முதலில் த்ராட்டில் பாடியின் வாயில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். தகடு சின்னக் கோணத்தில் ஒட்டி, பிறகு தாவித் திறக்கும். சுத்தம் செய்யும்போது இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும். க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், உள்ளே பீய்ச்ச வேண்டாம். தகட்டை விரலால் பலமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் பல் போகும். சுத்தம் செய்த பிறகு ஐடில் ரீலேர்ன் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் அளவைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்யாவிட்டால் புதுத் தொல்லை வரும்.

அடுத்தது வேக சிக்னல். சம வேகத்தில் ஓடும்போது நான்கு சக்கர சென்சார்களின் அளவையும் வரைபடமாகப் பாருங்கள். ஒன்று மட்டும் அறுந்து அறுந்து விழுந்தால், சென்சாரிலோ அது படிக்கும் வளையத்திலோ துருவும் இரும்புத் தூளும் ஏறியிருக்கும். ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் பல வண்டிகளில் குரூஸ் செட்டே ஆகாது. அது பழுதல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

இதோடு ஆக்ஸிலரேட்டர் பெடலையும் பார்த்துவிடுங்கள். அதில் இரண்டு சென்சார்கள் உண்டு. பல வண்டிகளில் ஒன்று எப்போதும் மற்றதன் பாதி வோல்ட் காட்டும்படி வைத்திருப்பார்கள். அந்த விகிதம் தவறினால் பி2138 போன்ற கோடு விழுந்து வண்டி லிம்ப் மோடுக்கு (பலத்தைக் குறைத்து மெதுவாக மட்டும் ஓடவிடும் நிலை) போகும். த்ராட்டில் மோட்டாருக்கு மின்சாரம் நின்றால், ஸ்பிரிங் தகட்டைச் சிறிதளவு மட்டும் திறந்த நிலையில் நிறுத்திவிடும். மிதித்தாலும் ஓடாது, ஊர்ந்து ஓரம் கட்டலாம். தானாக வேகம் எடுப்பதைவிட இது மேல்தான். ஆனால் ஓவர்டேக் நடுவில் வந்தால் இதுவும் விபத்துதான்.

கேபிள்_காலம்:

த்ராட்டிலைக் கேபிள் இழுக்கும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காகச் சில வார்த்தை. வெற்றிட வகைக் குரூஸில் பிரேக் பெடலிலேயே ஒரு வால்வு இருக்கும். மிதித்ததும் வெளிக்காற்றை உள்ளே விட்டு, கேபிளை இழுத்துப் பிடிக்கும் சர்வோவைத் தளர்த்திவிடும். மின்சாரம் கோளாறானாலும் அது தன் வேலையைச் செய்யும். அந்த வால்வின் குழாயில் கசிவு என்று சொல்லி அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது இரண்டாவது பாதுகாப்பை நீங்களே பிடுங்கிப் போடுவதற்குச் சமம். கேபிளில் ஓரிரு மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். நூல் பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், மாற்றுங்கள்.

குரூஸ் சுவிட்ச் என்றால் வேகம் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஃபோர்டு வண்டிகளில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் திருகியிருந்த குரூஸ் விடுவிப்பு சுவிட்சுக்காக 1999 முதல் 2009 வரை பல கட்டங்களாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். உள்ளே இருந்த மெல்லிய சவ்வு விரிசல் விட்டு, பிரேக் எண்ணெய் மின்பகுதிக்குள் கசிந்தது. சாவியை எடுத்த பிறகும் அந்த சுவிட்சுக்கு பேட்டரி மின்சாரம் போய்க்கொண்டே இருந்ததால் நிறுத்தி வைத்த வண்டியும் தீப்பிடித்தது. தீர்வு, இடையில் ஃபியூஸ் உள்ள ஒரு சிறு வயர் இணைப்பு. 2018 மே மாதம் ஃபியட் கிரைஸ்லர் அமெரிக்காவில் சுமார் 48 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் குரூஸ் விடாமல் போகலாம் என்பதற்காகத்தான்; அதற்குத் தீர்வு சாப்ட்வேர் மாற்றம். கியர்_பெட்டி, சுவிட்ச் வாங்கும் முன் உங்கள் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால் இருந்தால் இலவசமாக முடியும்.

சந்தேகப்_பிராணி:

எல்லோரும் மின்சாரத்தையே திட்டுகிறீர்கள். "தானாக வேகம் எடுத்தது" என்ற புகார்களில் கணிசமானவை பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தவை. ஆடி (Audi) 5000 கார் தானாக வேகம் எடுக்கிறது என்று எழுந்த விவகாரத்தை ஆராய்ந்து 1989-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை சொன்ன முடிவும் பெரும்பாலும் அதுதான். டொயோட்டாவில் தரைவிரிப்பு பெடலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள், கொக்கியில் மாட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து விட்டுப் பார்த்தால் உரசுகிறதா என்று தெரிந்துவிடும்.

வயரிங்_பித்தன்:

விரிப்பு விஷயத்தில் உடன்பாடுதான். ஆனால் அதே டொயோட்டாவில் சில பெடல்கள் தேய்ந்து இறுகித் திரும்பாமல் நின்றதும் உண்மை. நாசா 2011-ல் தந்த அறிக்கை, பெரிய அளவில் தானாக வேகம் எடுக்கக் காரணமான எலக்ட்ரானிக் கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை என்றது. கூடவே சில பெடல் சென்சார்களில் தகர இழை வளர்ந்து ஷார்ட் ஆனதையும் பதிவு செய்தது. எனவே "எல்லாம் கால் தவறுதான்" என்று மூடிவிட வேண்டாம். இங்கே லைவ் டேட்டாவே சுவிட்சைக் காட்டுகிறது.

மலைப்பாதை:

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல விட்டுட்டேன். டர்போவின் சீல் போய் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்தா சாவியை அணைத்தும் நிற்காது. எரிபொருளை நிறுத்தினாலும் ஆயில் எரியுதே. மேனுவல் கியர்னா வண்டியை நிறுத்தி, மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கிட்டே கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணறடிங்க. ஆட்டோமேட்டிக்னா காற்று வழியை அடைப்பதுதான் வழி, ஆனா கையால அடைக்கக் கூடாது. சுழற்சி ஏறிட்டா இறங்கி விலகிப் போறது நல்லது, எஞ்சின் சிதறும்.

லாரியில் ஸ்பீடு லிமிட்டர் இருக்குன்னு இறக்கத்தில் நம்பிடாதீங்க. அது எரிபொருளைக் குறைக்கும், பிரேக் போடாது. பாரத்தோடு இறங்கும்போது வண்டி அந்த வேகத்தைத் தாண்டிப் போகும். இறக்கம் தொடங்கும் முன்னாடியே கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கைப் போடணும்.

கியர்_பெட்டி:

ரீகால் எதுவும் இல்லை. புது சுவிட்ச் போட்டால் பழைய கோடைக் கையால் அழிக்க வேண்டுமா?

வயரிங்_பித்தன்:

அழித்துவிட்டே சோதியுங்கள். இக்னிஷன் போட்டு, லைவ் டேட்டாவில் இரண்டும் சேர்ந்து மாறுகிறதா என்று இருபது முறையாவது மிதித்துப் பாருங்கள். பெடலை விட்டதும் பிரேக் விளக்கு அணைகிறதா என்று பின்னால் ஒருவரை நிற்க வைத்துப் பார்க்கவும். பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி நான்கு சக்கரத்தின் அருகிலும் கை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். இருபுறமும் வழக்கத்தைவிட அதிகமாகக் கொதித்தால் சுவிட்ச் பெடலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால் ஆளில்லாத நேரான சாலையில் 50-ல் குரூஸ் வைத்து, பெடலைத் தொட்டவுடன் விடுகிறதா என்று பாருங்கள்.