முழுச் சுமையோடு போகும் டூரிங் பைக்குக்கு எந்த கேம்? (மில்வாக்கி-எய்ட் 107)

நீள்சாலை:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது ஹார்லி டூரிங் பைக், மில்வாக்கி-எய்ட் 107 எஞ்சின். ஏர் கிளீனரும் சைலன்சர்களும் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, அதற்கேற்ற ட்யூனும் (எஞ்சின் கணினியின் அமைப்பு) போட்டிருக்கிறது. நானும் மனைவியும், பக்கப் பெட்டிகள் இரண்டு, பின்னால் ஒன்று, எல்லாம் நிரம்பிய நிலையில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறோம். சமதளத்தில் குறை ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் ஆறாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் மட்டும் இழுவை போதவில்லை, கியரைக் குறைத்தே ஆக வேண்டும். கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) மாற்றலாம் என்று பார்த்தால் லிஃப்ட், டியூரேஷன், ஓவர்லாப், லோப் செபரேஷன் என்று எண்களாக அடுக்கியிருக்கிறார்கள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் எண்ணம் இல்லை, பிஸ்டனும் மாற்றப் போவதில்லை. இத்தனை எண்களில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

வால்வுதாசன்:
இன்டேக் வால்வு, அதாவது காற்று-பெட்ரோல் கலவையை உள்ளே விடும் வால்வு, எப்போது மூடுகிறது என்பதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் இதுதான். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே வரும் கலவைக்கு ஓட்டத்தின் வேகம் இருப்பதால் அந்தக் கூடுதல் நேரத்திலும் உள்ளே வந்துகொண்டே இருக்கும், சிலிண்டர் நன்றாக நிரம்பும். 2,500 ஆர்பிஎம்மில் அந்த வேகம் கிடையாது. வால்வு தாமதமாக மூடினால் பிஸ்டன் கலவையில் ஒரு பங்கை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். காகிதத்தில் 107இன் கம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் விகிதம்) 10:1தான், ஆனால் வால்வு மூடிய பிறகு மிச்சமிருக்கும் தூரத்தில்தான் உண்மையான அழுத்தம் உருவாகிறது. ஆகவே தாமதமாக மூடும் கேமை ஸ்டாக் (கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள) கம்ப்ரஷனோடு போட்டால் நீங்கள் ஓட்டும் இடத்தில் எஞ்சின் இருப்பதைவிடச் சோம்பலாகிவிடும். அந்த மாதிரி கேம்கள் கம்ப்ரஷனை ஏற்றிய எஞ்சினுக்கானவை, அவற்றில் குற்றமில்லை, உங்கள் பைக்குக்கு அவை ஆகாது, அவ்வளவுதான்.

ஹார்லி கேம்களுக்கு இந்தக் கோணங்களை, கேம் லிஃப்டரை (கேமின் மேல் உருண்டு ஏறி இறங்கும் பாகம்) 0.053 அங்குலம் தூக்கிய இடத்தில் அளந்து போடுவது வழக்கம். எல்லா எண்களும் அந்த அளவில்தான் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இரண்டு கேம்களை ஒப்பிடுங்கள். பொதுவாக, பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி கிராங்க் தண்டு 30 டிகிரி சுற்றியதை ஒட்டியோ அதற்கு முன்போ மூடுவது சுமை இழுக்கும் கேம். 40ஐத் தாண்டியதும் அதன் மனம் மேல் ஆர்பிஎம்மில் இருக்கிறது என்று அர்த்தம்.

உச்ச பவர் எண்ணை மறந்துவிடுங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கினால் வருவதுதான் பவர், அதனால் 5,500இல் கொஞ்சம் டார்க் கூடினாலே விளம்பரத்தில் பெரிய எண் வந்துவிடும். ஆறாவது கியரில் நெடுஞ்சாலையில் நீங்கள் இருக்கும் இடம் கிட்டத்தட்ட 2,200க்கும் 3,000க்கும் நடுவில். டைனோ (டார்க்கையும் பவரையும் அளக்கும் இயந்திரம்) வரைபடம் கேளுங்கள், அந்த இடத்தில் புதிய கேமின் கோடு ஸ்டாக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சில வரைபடங்கள் 3,000இல்தான் ஆரம்பிக்கும்! அப்படி இருந்தால் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மலைப்பாதை:
வால்வுதாசன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கேமை மட்டும் தனியாகப் பார்ப்பது சரியில்லை. முதலில், வால்வு சீக்கிரம் மூடினால் சிலிண்டர் அழுத்தம் கூடும், அது நல்லதுதான், ஆனால் இருவர், சுமை, ஏற்றம், வெயில், ஆக்டேன் குறைந்த பெட்ரோல் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வரும். மில்வாக்கி-எய்ட்டில் நாக் சென்சார் இருக்கிறது, அது உடனே இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய டார்க் அதே ஏற்றத்தில் காணாமல் போகும். அதனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று போய்விடக் கூடாது. உங்கள் வழியில் என்ன பெட்ரோல் கிடைக்கும் என்பதும் இந்த முடிவில் ஒரு பங்கு.

இரண்டாவது ஓவர்லாப். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிடும் அந்த நேரம் அதிகமானால், குறைந்த ஆர்பிஎம்மில் புகை திரும்பி இன்டேக் பக்கம் வரும், ஐடில் தடுமாறும், மெதுவாக ஓட்டும்போது பைக் துள்ளும். ரொம்பத் திறந்த குழாய்கள் இருந்தால் இது இன்னும் மோசம். சத்தம் பிரமாதமாக இருக்கும், நடு ஆர்பிஎம்மில் இழுவை விழுந்துவிடும். டூரிங்குக்கு ஓவர்லாப் குறைந்த கேமும், இரண்டு சிலிண்டரும் ஒன்றாகச் சேரும் எக்ஸாஸ்டும்தான் என் தேர்வு.

ட்யூன் கட்டாயம். இப்போது எஞ்சின் கணினியில் இருக்கும் மேப் (எரிபொருள், டைமிங் அட்டவணை) பழைய கேமுக்கானது. சிலிண்டர் நிரம்பும் விதமே மாறிவிடுவதால் எரிபொருளையும் டைமிங்கையும் மறுபடி அமைக்காமல் நீண்ட பயணம் போக வேண்டாம். வாரண்டியில் இருக்கும் பைக் என்றால் அதையும், உங்கள் ஊரின் புகை விதிகளையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

நீள்சாலை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இப்போதுதான் பட்டியலைப் படிக்கவே தெரிகிறது. என் கண்ணில் பட்டதில் ஒன்று 28 டிகிரியில் மூடுகிறது, ஸ்டாக் வால்வு ஸ்பிரிங்கோடு போடலாம் என்றும் போட்டிருக்கிறார்கள். அதை எடுக்கலாமா? கேமோடு சேர்த்து வேறு என்னென்ன மாற்ற வேண்டும்? ஹெட்டைத் தொடாமல் முடியுமா?

ஸ்பானர்_செல்வம்:
உங்கள் தேவைக்கு அந்த 28 டிகிரி பொருத்தமாகத்தான் தெரிகிறது. லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) உங்கள் மாடல் வருடத்து ஸ்பிரிங்குக்கு ஒத்துவரும் என்று தயாரிப்பாளரிடமே எழுத்தில் உறுதி கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டினால் சேதம் கேமோடு நிற்காது.

ஹெட்டைத் தொடாமல் முடியும். ஹார்லியின் முந்தைய ட்வின் கேம் எஞ்சின் மாதிரி இதில் இரண்டு கேம் இல்லை, ஒன்றுதான். ஸ்டாக் புஷ்ராட்களை (லிஃப்டரின் அசைவை மேலே வால்வு பக்கம் கொண்டுபோகும் கம்பிகள்) வெட்டி எடுத்துவிட்டு, நீளத்தை மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் புஷ்ராட் போட்டால் ஹெட்டின் மேலுள்ள ராக்கர் பாக்ஸைத் திறக்க வேண்டாம். வெட்டும்போது துகள் ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது, துணியை நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். அட்ஜஸ்டபிளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: வெளிச்சந்தை கேமின் அடிவட்டம் (வால்வைத் தூக்காத வட்டப் பகுதி) ஸ்டாக்கிலிருந்து மாறியிருந்தால் பழைய நீளம் பொருந்தாது, இதில் சரிசெய்துகொள்ளலாம்.

எப்படியும் திறக்கிறீர்கள், அதனால் உள்பக்க கேம் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கூண்டு இல்லாமல் ஊசிகள் (மெல்லிய உருளைகள்) நெருக்கமாக நிறைந்த வகை வாங்குங்கள், சுமை அதிக ஊசிகளில் பரவும். பேரிங்கை எடுக்கவும் பொருத்தவும் அதற்கான கருவியே வேண்டும், சுத்தியால் தட்டி ஏற்ற வேண்டாம். பைக் நிறைய ஓடியிருந்தால் லிஃப்டர்களும் புதிது போடுங்கள், பழைய லிஃப்டர் ரோலர் பழுதானால் புதிய கேமையும் கெடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று, அவசரப்படுபவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஹைட்ராலிக் லிஃப்டரில் எண்ணெய் இருக்கும் நிலையில் புஷ்ராட் நீளத்தை அமைத்தால் வால்வு கொஞ்சம் திறந்தே நிற்கும். ஒரு சிலிண்டரின் நான்கு வால்வுக்கும் இரண்டு புஷ்ராட்தான். அந்த இரண்டையும் அமைத்த பிறகு லிஃப்டர் எண்ணெய் வடிந்து, புஷ்ராட்களை விரலால் எளிதாகச் சுழற்ற முடிகிற வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் எஞ்சினைத் திருப்பி அடுத்த சிலிண்டருக்குப் போக வேண்டும்.