டயப்லோ ஒண்ணுல பார்த்த க்ரிஸ்வோல்ட, ரெண்டுல மறுபடி பார்த்தப்போ

மேல ஒருத்தர் டயப்லோங்கிற கம்ப்யூட்டர் கேமோட ரெண்டாம் பாகத்துல டூரியல்ங்கிற பெரிய பேய் அந்தச் சின்ன அறைக்குள்ள வச்சு மூச்சு விடக்கூட நேரம் குடுக்காம அடிச்சத எழுதியிருந்தாரு, படிக்கும்போதே கை வேர்த்துச்சு. நான் சொல்லப் போறது க்ரிஸ்வோல்ட்ங்கிற ஊர்க் கொல்லன் கதை, அது அதுக்கும் முன்னாடி, 1996 கடைசில வந்த முதல் டயப்லோல இருந்து ஆரம்பிக்குது.

நாங்க விளையாடுனது அது வந்து சில வருஷம் கழிச்சுதான், பெரியப்பா பையன் ரூம்ல ஒரு பழைய பென்டியம். மவுஸ் என் கைல, கீபோர்டு அண்ணன் கைல. பெல்ட்ல எட்டு பாட்டில் வைக்கலாம், ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் கீ, நான் அடிச்சுக்கிட்டே இருப்பேன், ரத்த உருண்டை இறங்க இறங்க அண்ணன் சிவப்பு பாட்டில தட்டி விடணும். இப்படி ரெண்டு பேரா ஒரே ஆள ஓட்டுனவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

புட்சர்ங்கிற பேயோட கதை எல்லாருக்கும் தெரியும். சர்ச் வாசல்ல குத்துயிரும் குலையுயிருமா ஒருத்தன் கெடப்பான், ஆர்ச்பிஷப் லாசரஸ் எங்கள உள்ள கூட்டிட்டுப் போய் மாட்டி விட்டுட்டான், பழி வாங்குன்னு சொல்லிட்டு செத்துருவான். சிங்கிள் ப்ளேயர்ல க்வெஸ்ட் எல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், அதனால வாசல்ல அவன் இல்லன்னா அந்தத் தடவ புட்சரும் கிடையாது. இருந்தான்னா ரெண்டாவது லெவல்ல ஒரு ரூம், கதவத் தொறந்தா உள்ள பூரா ரத்தமும் பொணமும், "ஆ, ஃப்ரெஷ் மீட்"னு ஒரு குரல், அடுத்த நொடி அவன் நம்ம மேல. நம்மளால ஓடக்கூட முடியாது, அந்த கேம்ல ஓட்டமே கிடையாது, நடை மட்டும்தான். ரோக்ங்கிற வில்லாளிய எடுத்தவங்களுக்கு ஒரு வழி இருக்கு, கம்பி போட்ட சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்னுட்டா அவன் நேரா நம்மள நோக்கியே வந்து முட்டிக்கிட்டு நிப்பான், சுத்தி வரத் தெரியாது, கம்பி இடுக்குல அம்பா விட்டுக்கிட்டே இருக்கலாம். வாரியர்னா பாட்டில்தான் துணை.

ஆனா புட்சர விட என்னை அதிகம் கலக்குனது ப்ளாக் டெத்னு ஒரு ஜாம்பி. மெதுவா ஆடி ஆடித்தான் வரும், மத்த ஜாம்பி மாதிரிதான் இருக்கும், ஆனா அது ஒரு அடி போட்டா நம்ம மொத்த உயிர்ல ஒரு புள்ளி நிரந்தரமா போயிரும், பாட்டில் குடிச்சாலும் வராது, ஊர் வைத்தியர் பெப்பின்கிட்ட போனாலும் வராது. அந்தப் பேர ஸ்கிரீன்ல பார்த்ததும் அண்ணன் "பின்னாடி வா, பின்னாடி வா"ன்னு கத்துவான். அப்புறம் ஹிட்டன்னு ஒரு ஜாதி, கிட்ட வர்ற வரைக்கும் கண்ணுக்கே தெரியாது, ஒரு அடி வாங்குனதும் மறுபடி மறைஞ்சு ஓடிரும். கீழ ஹெல் லெவல்ல அந்தப் பொண்ணு பேய்ங்க தூரத்துல நின்னே அடிக்கும், நாம கிட்ட போகப் போக பின்னாடி போய்க்கிட்டே இருக்கும், வாரியர் வச்சு அதுங்கள மூலைல மடக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும்.

இந்த கேம முதல்ல டர்ன் பேஸ்டா, நாம ஒரு அடி அது ஒரு அடின்னுதான் செஞ்சிருக்காங்க. ரியல் டைமா மாத்தலாம்னு பேச்சு வந்தப்போ கேம உருவாக்குன டேவிட் ப்ரெவிக்குக்கு முதல்ல இஷ்டமே இல்ல, அப்புறம் அவரே உக்காந்து ஒரே மதியத்துல சில மணி நேரத்துல மாத்திட்டு, ஒரு எலும்புக்கூட க்ளிக் பண்ணி அடிச்சுப் பார்த்தப்பவே இது வேற லெவல்னு தெரிஞ்சிருச்சாம், 2016 ஜிடிசிங்கிற கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டுல அவரே சொன்னாரு. ஆனாலும் அந்தப் பழைய டர்ன் பேஸ்ட் ஆட்டம் உள்ள இருக்குன்னு எனக்குத் தோணும். ஒவ்வொரு அடியும் கட்டம் கட்டமா எடுத்து வைக்கிறோம், வெளிச்சம் நம்மள சுத்தி கொஞ்ச தூரம்தான், அதனால யோசிக்காம ஒரு கட்டம்கூட முன்னாடி போக முடியாது. பயம் அதுலதான் இருக்கு, இப்ப வர்ற ஆக்ஷன் ஆர்பிஜில நூறு பேயி ஒண்ணா வந்தாலும் எனக்கு அது வர்றதில்ல.

அந்த பயத்துல இருந்து மேல வந்தா ட்ரிஸ்ட்ரம். இசையமைப்பாளர் மேட் யூல்மெனோட அந்த பன்னெண்டு கம்பி கிட்டார் கேட்டதும் தோள் தானா இறங்கும். மொத்த கேமுக்கும் அந்த ஒரே ஊரு. கூட்டு ரோடு மாதிரி நாலு வீடு, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆளுங்க. க்ரிஸ்வோல்ட் பட்டறைல வாளை சரி பண்ணிக்குவோம், அட்ரியாகிட்ட மந்திர சக்திக்கு மானா பாட்டில், கெய்ன்கிட்ட அடையாளம் தெரியாத பொருளக் காட்டணும். கட்டக்கால் பையன் வர்ட்டு பொருள காட்டுறதுக்கே 50 தங்கம் கேப்பான், வாங்குறது வாங்காதது அப்புறம். வாரியர் தானே ரிப்பேர் பண்ணா பொருளோட மொத்த ஆயுசு குறையும், அதனால நாங்க எப்பவும் க்ரிஸ்வோல்ட்கிட்டதான் போவோம். "வாட் கேன் ஐ டூ ஃபார் யா"ன்னு அவர் கேக்குற குரல் இன்னும் காதுல இருக்கு.

2000ல ரெண்டாம் பாகம் வந்துச்சு. முதல் ஆக்ட்ல அகாராங்கிற பூசாரியம்மா சொன்ன வரிசைல நட்டு வச்ச கல்லுங்கள தொட்டா ஒரு போர்ட்டல் தொறக்கும், உள்ள போனா அதே ட்ரிஸ்ட்ரம். எரிஞ்சுகிட்டு இருக்கு. அதே கிட்டார். நடு ஊர்ல கெய்ன கூண்டுல அடைச்சுத் தொங்க விட்டிருக்காங்க, ஒரு ஓரத்துல வர்ட் செத்துக் கெடக்குறான், தொட்டா சேத்து வச்ச தங்கம் கொட்டுது, கூடவே அந்தக் கட்டக்கால். அப்புறம் ஒரு பெரிய ஜாம்பி நேரா நம்மள நோக்கி வருது, மேல பேர் தெரியுது, க்ரிஸ்வோல்ட்.

நான் மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டேன். அண்ணனும் ஒண்ணும் பேசல. ரெண்டாம் பாகத்துல இருந்து ஆரம்பிச்சவங்களுக்கு அவன் பத்தோட பதினொண்ணா வர்ற ஒரு பாஸ், நாலு அடி போட்டு பொருள பொறுக்கிட்டுப் போயிருவாங்க, அவங்க மேல தப்பில்ல. ஆனா எங்களுக்கு அவர் வாள் தட்டிக் குடுத்த மனுஷன். அதுவும் எல்லாத்துக்கும் யாரு காரணம்? ஒண்ணாம் பாகத்து முடிவுல டயப்லோங்கிற பேய் அரசன அடக்கி வைக்கிறேன்னு அவன் ஆன்மா இருக்குற கல்லை எடுத்து தன் நெத்திலயே குத்திக்கிட்ட ஹீரோ, அதாவது நாங்க மாசக்கணக்கா வளர்த்த ஆளு. அவன் உள்ள தோத்துப் போய் ஊர விட்டுக் கிளம்புனதுக்கு அப்புறம்தான் ஊருக்கு இந்த கதி. ஒரு கதைய கட்சீன்ல சொல்லாம, நாம தினம் போய் நின்ன இடத்த வச்சே சொன்னது எனக்குத் தெரிஞ்சு இந்த கேம்தான்.

முதல் பாகம் விளையாடாதவங்க ப்ளீஸ் ரெண்டுக்கு முன்னாடி அத முடிச்சிருங்க. 2019ல இருந்து ஜிஓஜிங்கிற ஆன்லைன் கேம் கடைல கிடைக்குது, ஒரிஜினல் கேம் ஃபைல் இருந்தா டெவில்யூஷன்எக்ஸ்ங்கிற ரசிகர்கள் செஞ்ச மென்பொருள் போட்டு போன்லயே ஓட்டலாம், அதுல ஊருக்குள்ள மட்டும் ஓடுற வசதியும் இருக்கு, டஞ்சன்ல நடைதான், அப்படியே விட்டுருங்க.

டூரியல் பத்தி எழுதுன ப்ரோ, நீங்க ட்ரிஸ்ட்ரத்த முதல் பாகத்துல பார்த்துட்டு வந்தீங்களா, இல்ல நேரா ரெண்டா? க்ரிஸ்வோல்ட அடிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?