தபியா: ‘விளைநிலை’யா, ‘சந்திநிலை’யா?

குழுவினருக்கு வணக்கம்.

சதுரங்கத்தில் தொடக்க நகர்த்தல்கள் முடிந்து, பல ஆட்டங்கள் வழக்கமாக வந்து சேரும் நிலைக்குத் ‘தபியா’ என்று பெயர். நம் சதுரங்கச் சொற்பட்டியலில் அதற்கு நேரே அண்ணாச்சி ‘விளைநிலை’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கிளைவழியை ஆடியதும் பலகையில் விளைந்து நிற்பது என்ற பொருளில். சொல் அழகுதான். ஆனால் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது என்று எனக்குப் படுகிறது.

போன ஞாயிறு தக்கலையில் ஸ்பானியத் தொடக்கம் என்ற தொடக்க ஆட்டமுறையைச் சொல்லிக்கொடுத்தேன். நான் காட்டிய வரிசையில் கறுப்பு ஏழாவது நகர்த்தலில் டி6 வைக்கும் (அதாவது டி6 என்ற கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளும்), வெள்ளை சி3 வைக்கும், அப்புறம் கறுப்பு கோட்டை கட்டும், அதாவது ராஜாவை ஓரமாக ஒதுக்கிப் பாதுகாக்கும். கறுப்பு ஆடிய ஒரு சிறுமி முதலில் கோட்டை கட்டிவிட்டு, எட்டாவதில் டி6 வைத்தாள். சிப்பாயிலிருந்து விரலை எடுக்காமலே, “சார், எனக்க வழி தப்பிப் போச்சா?” என்றாள். நான் காட்டிய வரிசையில் ஆடிய பக்கத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னேன். கட்டம் கட்டமாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். இரண்டும் ஒரே நிலை.

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வில்லுக்குறி வழியாகவும் போகலாம், திங்கள்சந்தை வழியாகவும் போகலாம். அப்படித்தான் இதுவும். ஆனால் எந்த வழியானாலும் ஒன்றுதான் என்று விட்டுவிடவும் முடியாது. அவள் போன வழியில் எட்டாவது நகர்த்தலாக டி5 வைத்திருந்தால் அது மார்ஷல் பலியாட்டம், ஒரு சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்கும் வழி. 1918இல் நியூயார்க்கில் கியூபா ஆட்டக்காரர் காபபிளாங்காவுக்கு எதிராக அமெரிக்கர் மார்ஷல் ஆடியது. அதை விரும்பாத வெள்ளை, சி3க்குப் பதில் ஏ4 அல்லது எச்3 வைத்து முன்கூட்டியே விலகிவிடும். டி6 வந்து நிலை அமைந்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

இனி ஒன்பதாவதாக வெள்ளை எச்3 வைக்கும். டி4 தள்ளும் நேரத்தில் கறுப்பு பிஷப் ஜி4க்கு வந்து குதிரையைக் கட்டிப்போடக் கூடாது என்பதற்காக. அங்கிருந்துதான் கறுப்பின் வழிகள் பிரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். குதிரையை ஏ5க்கு விட்டு வெள்ளையின் பிஷப்பை விரட்டினால் சிகோரின். தன் பிஷப்பை பி7இல் வைத்து இ4ஐக் குறிபார்த்தால் ஸைட்ஸெவ். குதிரையைப் புறப்பட்ட பி8க்கே திருப்பிக் கொண்டுபோனால் பிரேயர். எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கடைசி வழி. பார்த்தால் பின்வாங்கல் போலிருக்கும். ஆனால் சி சிப்பாய்க்கு வழிவிட்டு, பி7க்கு வரப்போகும் பிஷப்புக்கு மூலைவிட்டத்தைத் திறந்துவிட்டு, குதிரை டி7 வழியாக மறுபடி களத்துக்கு வரும்.

ஆக, பல வழிகள் வந்து கூடி, பல வழிகள் பிரியும் இடம் தபியா. ‘விளைநிலை’ என்றால் ஆட்டம் அங்கே அறுவடை ஆனதுபோல் ஒலிக்கிறது. அரபு மூலத்தின்படி ‘அணிவகுப்பு’ என்றால் குடியரசு தினம்தான் கண்முன் வரும். நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பை நினைத்து ‘மூடு’ என்றுகூட யோசித்தேன். எங்களுக்கு அது மரத்தடி. மதுரைக்காரர்கள் கதவைச் சாத்தப் போய்விடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு ‘சந்திநிலை’. முச்சந்தியும் நாற்சந்தியும் எல்லா ஊரிலும் உண்டு. ‘சந்தி’ என்றால் இலக்கணப் புணர்ச்சி என்று குழம்பாதா என அக்கா ஒருவர் கேட்டிருந்தார். ‘நிலை’ சேர்ந்திருப்பதால் குழம்பாது அக்கா. அங்கேயும் பொருள் கூடுவதுதானே.

வரிசை மாறி அதே நிலைக்கு வருவதற்கு ‘வழிமாற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலில் ஏற்றும்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.