ஏலத்தில் போன எங்கள் டொமைன்: நடுவரிடம் போனவர்கள் யாராவது உண்டா?

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலையில் எங்களுக்குப் பெட்ஷீட் தறி. அப்பா வைத்த கடைப் பெயரில் 9 வருடமாக டாட் இன் டொமைன் (.in என்று முடியும் இணையதளப் பெயர்) வைத்திருந்தோம். புதுப்பிக்கச் சொன்ன மெயில் தம்பியின் பழைய ஐடிக்குப் போய்விட, பெயர் ஏலத்துக்கு வந்துவிட்டது. சரி, தப்பு எங்களுடையது என்று நானும் ஏலம் கேட்டேன். திரையில் நான் ஜெயித்ததாகவே காட்டியது. மறுநாள் பெயர் வேறொருவர் கையில். 2 லட்சம் கேட்கிறார்.

டாட் இன் தகராறுக்கு 2005 முதல், டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி (NIXI) அமைப்பின் நடுவர் முறை இருக்கிறது. ஆனால் அது பெயர் உரிமையையும் எடுத்தவரின் கெட்ட நோக்கத்தையும் பார்ப்பது. ஏலம் நியாயமாக நடந்ததா என்று கேட்க எங்கே போவது? டிரேட்மார்க் பதிவு எங்களிடம் இல்லை. அப்பா கையெழுத்தில் பழைய பில் புத்தகங்கள் மட்டும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அது ஆதாரமாகுமா? ஈரோடு, கோவைப் பக்கம் இதில் அனுபவமுள்ள வக்கீல் தெரிந்தால் சொல்லுங்க. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.